பிராக் நகருக்கு முதன்முறை போகும் இருவருக்கு

பிராக் நகரில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை, சூட்கேஸ் சக்கரத்தால் வந்தது. பழைய நகரத்தின் நடுவில் அறை எடுத்தால் எல்லா இடத்துக்கும் நடந்தே போய்விடலாம் என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கில் பிழையில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து அறைக்கு அரை கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அரை கிலோமீட்டரும் கல் பாவிய தெரு. சின்னச் சின்னச் சதுரக் கற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். பாதி வழியில் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டோடிச் சுவரோரம் விழுந்தது. 23 கிலோ பெட்டியை அவர் தோளில் சுமந்து நடக்க, நான் சக்கரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். யாரும் பேசவில்லை.

அதன்பிறகு இன்னொரு முறையும் அந்த ஊருக்குப் போய்வந்துவிட்டோம். இரண்டு பயணங்களிலும் பட்டுத் தெரிந்துகொண்டதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நான்கு முழு நாள் இருந்தால் போதும், ஐந்து இருந்தால் நிம்மதி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் எதைப் பார்ப்பது என்று யாரும் திணறுவதில்லை. எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காலை பத்து முதல் மாலை ஆறு வரை பழைய நகரம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். அதே தெருக்கள் விடியற்காலையில் உங்கள் இருவருக்கு மட்டும் திறந்துவிட்டதுபோல் கிடக்கும்.

புறப்படும் முன்

பிராக்கைத் தலைநகராகக் கொண்ட செக் குடியரசு, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. கோடையில் நேர்காணல் நேரம் கிடைப்பதே பாடு என்பதால் இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிராக்கோடு வியன்னா, புடாபெஸ்ட் என்று சேர்த்துப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். தம்பதியாகப் போனாலும் விண்ணப்பம் தனித்தனி. ஒருவருடைய வங்கிக் கணக்கைக் காட்டி இருவரும் போவதாக இருந்தால், செலவை அவர் ஏற்பதாக ஒரு கடிதமும் திருமணச் சான்றும் இணைத்துவிடுவது நல்லது.

மாதம் என்று கேட்டால் மே அல்லது செப்டம்பர் என்பேன். மே நடுவில் 5.15-க்கு விடிந்து, இரவு 8.45 வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகுதான். ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பனி பிடித்த கல் தெரு ஆபத்து.

காலணி புதிதாக வாங்கினால் ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்கிவிடுங்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் இந்தக் கற்கள் மீது நடந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்துக்குத் தெரியும். சாப்பாட்டுப் பொருள் கட்டும்போது இதைக் கவனியுங்கள்: இறைச்சி, பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. நெய்ப்புட்டி, பால்கோவா இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்முடைய இரண்டு முனை சார்ஜர் அங்கே பொருந்தும். மூன்று முனை பொருந்தாது.

அறை

சக்கரம் கழன்ற கதையைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை வினொஹ்ராடி என்ற குடியிருப்புப் பகுதியில் தங்கினோம். மரங்கள், ரொட்டிக் கடை, நாயோடு நடக்கும் பாட்டிகள், வாசலில் டிராம். நடு ஊருக்குப் பத்து நிமிடம். வாடகையும் குறைவு. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது லிஃப்ட் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். நூறாண்டுக் கட்டடங்களில் நான்காம் மாடிக்குப் படியேறச் சொல்வார்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போடக் கூடாது என்பதை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நம் குரல் எவ்வளவு பெரியது என்று எனக்கு அந்தக் கட்டடத்தில்தான் தெரிந்தது.

இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 59 என்ற எண்ணுள்ள டிராலிபஸ்ஸில் ஏறி, நாத்ராஷீ வெலெஸ்லாவீன் என்ற நிலையத்தில் இறங்கி, பச்சை நிற மெட்ரோவுக்கு மாற வேண்டும். பெட்டிகள் அதிகம் என்றால் ரயில் நிலையத்துக்கு நேராகப் போகும் விரைவு பஸ் இருக்கிறது. அதற்கு டிக்கெட் தனி.

இனி டிக்கெட். இந்தப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். டிராம், பஸ், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான். 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று நேரத்துக்கு விற்கிறார்கள். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. மஞ்சள் நிற இயந்திரத்தின் வாயில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். டிராமில் அந்த இயந்திரம் உள்ளே இருக்கும். மெட்ரோவில் கீழே இறங்குவதற்கு முன்பே நிற்கும். நம் ஊர் மெட்ரோபோல் தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால் பேசிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவோம். நாங்களும் போனோம். கீழே சாதாரண உடையில் நின்ற இருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வட்ட வில்லையை எடுத்துக் காட்டினார்கள். புத்தம் புது 72 மணி டிக்கெட்டுகள் இரண்டை என் கணவர் பெருமையோடு நீட்டினார். முத்திரை இல்லாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான் என்று மிக மரியாதையாகச் சொல்லி இருவருக்கும் அபராதம் போட்டார்கள். டிராமுக்குள் இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் டிக்கெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நேரம் அச்சாகியே வரும். 72 மணி என்பது முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை பத்து மணிக்குக் குத்தினால் நான்காம் நாள் காலை பத்து வரை செல்லும்.

மெட்ரோவில் நகரும் படிக்கட்டு நாம் பழகியதைவிட வேகமாக ஓடும், சில இடங்களில் மிக நீளமாகவும் இருக்கும். நாமெஸ்தீ மீரு நிலையத்தில் அதன் நீளம் 87 மீட்டர். வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. கதவு மூடும்போது ஒரு பெண் குரல் "உகொன்செதே ப்ரோசீம் வீஸ்துப் அ நாஸ்துப், த்வெர்ஷே சே ஸவீராயீ" என்று சொல்லும். ஏறுவதையும் இறங்குவதையும் முடியுங்கள், கதவு மூடுகிறது என்று பொருள். மூன்றாம் நாள் என் கணவர் அந்தக் குரலோடு சேர்ந்து ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்.

பணம்: அங்கே யூரோ இல்லை, கொருனா. சில கடைகள் யூரோ வாங்கும். விகிதம் நமக்கு நட்டமாகவே இருக்கும். "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதிய நாணய மாற்றுக் கடையில் பலகையைப் பார்க்காதீர்கள்; "100 யூரோ கொடுத்தால் எத்தனை கொருனா கைக்கு வரும்?" என்று கேட்டு, பதில் கேட்டபின் பணத்தை எடுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் மாற்றியதை ரத்து செய்யலாம். 2019-இல் வந்த சட்டம் அது. தெருவில் தானாக வந்து நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நின்று பேசவே வேண்டாம். செல்லாத வேற்று நாட்டு நோட்டு கைக்கு வரும். ஏடிஎம் இயந்திரம் "ரூபாயில் கணக்கிடட்டுமா, கொருனாவிலா?" என்று கேட்டால் கொருனாவைத் தேர்ந்தெடுங்கள்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

வல்தாவா ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேற்குக் கரையில் குன்றின் மேல் கோட்டை, அதன் அடிவாரத்தில் மாலா ஸ்ட்ரானா என்ற பகுதி. கிழக்குக் கரையில் பழைய நகரம், அதை ஒட்டி யூதர் பகுதியான யோசெஃபோவ், சுற்றிலும் புதிய நகரம். புதிய நகரம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மன்னர் நான்காம் சார்லஸ் அதை நிறுவிய ஆண்டு 1348. இரண்டு கரையையும் சார்லஸ் பாலம் இணைக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், வழி தவறினாலும் ஆற்றைத் தேடி வந்துவிடலாம்.

முதல் விடியல்: பாலம்

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வரம் உண்டு. கோடையில் அங்கே மூன்றரை மணி நேரம் பின்னால். நம் உடம்பு காலை ஏழரை என்று நினைத்து எழுந்துகொள்ளும்போது அங்கே மணி நான்கு. புரண்டு படுக்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். முதல் மூன்று நாள் மட்டுமே இந்த வரம் இருக்கும்.

பழைய நகரத்துக் கோபுரத்தின் பக்கமிருந்து பாலத்தில் ஏற வேண்டும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து, எதிரே கோட்டைமேல் வெளிச்சத்தைப் போடும். பாலத்தின் நீளம் 516 மீட்டர். இரு பக்கமும் 30 சிலைகள். இவற்றில் பெரும்பாலானவை நகல்கள், மூலச் சிலைகளை மழையிலிருந்து காப்பாற்ற உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். அடிக்கல் நாட்டியது 1357-ஆம் ஆண்டு ஒன்பதாம் நாள் ஏழாம் மாதம் காலை 5.31-க்கு என்பார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. முகூர்த்தம் பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. சுண்ணாம்புக் கலவையில் முட்டை சேர்த்தார்கள் என்றும், நாடெங்கும் இருந்து முட்டை வரவழைத்தபோது வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் உடையாமல் இருக்கட்டும் என்று வேகவைத்து அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு முதல் பாதி வியப்பாக இல்லை. இரண்டாம் பாதிக்குத்தான் சிரித்தேன்.

நடுவில் வலப்பக்கம் நெப்போமுக் யோவான் சிலையைத் தவறவிட முடியாது. 1393-இல் மன்னன் ஆணையால் ஆற்றில் தள்ளப்பட்ட பாதிரியார். அடியில் உள்ள வெண்கலப் பலகையில், அவரைத் தள்ளும் காட்சி பொன்போலப் பளபளக்கிறது. சுற்றிலும் கறுப்பு. தொட்டு வேண்டிக்கொண்டவர்களின் விரல்கள் செய்த வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளி வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுவிட்டு, மறுபடி கையுறை மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்தோம்.

எட்டு மணிக்குள் பாலத்தை விட்டு இறங்கிவிடுங்கள். அதன்பின் அங்கே நடப்பது ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாள் நடப்பதுபோல.

இரண்டாம் நாள்: கோட்டைக்கு மேலிருந்து வாருங்கள்

எல்லாரும் கீழிருந்து படியேறி மூச்சு வாங்குகிறார்கள். நீங்கள் 22-ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி, பொஹோர்ஜெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். காலை 7.30 சரியான நேரம். அருகே ஸ்ட்ராஹோவ் மடம். அதன் பக்கத்திலிருந்து ஊர் முழுவதும் சிவப்பு ஓட்டுக் கூரையாக விரிந்து கிடக்கும். அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு, இறக்கத்தில் மெல்ல நடந்தால் கோட்டை வாசல். பாதுகாப்புச் சோதனை இருக்கக்கூடும், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கட்டடங்கள் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும்; பத்தரைக்குச் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும். ஞாயிறு காலை வேண்டாம், வழிபாட்டுக்காகப் பேராலயம் நண்பகல் வரை பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்கு மட்டும் டிக்கெட்.

புனித விட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது. 585 ஆண்டு. எங்கள் தெரு மேம்பாலத்தைப் பற்றி இனிக் குறை சொல்லமாட்டேன் என்று கணவர் அங்கே நின்று சபதம் செய்தார். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது சாளரம் ஓவியர் முகாவுடையது. மற்றவை போலத் துண்டுக் கண்ணாடி கோத்ததல்ல, கண்ணாடிமேல் தீட்டியது. எதிர்ப்பக்கச் சாளரங்கள் வழியே காலை வெயிலில் தரையில் விழும் நீலமும் பச்சையும் மெல்ல நகரும். அதைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன்; அவர் அதற்குள் குறிப்பேட்டிலிருந்த நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் தம்பதிகளுக்கு ஒரு யோசனை. எங்களில் ஒருவர் பட்டியல்காரர், ஒருவர் உட்காருபவர். முதல் பயணத்தில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு அலைந்தோம். இரண்டாம் முறை காலை அவருடையது, மாலை என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். பெரிய கட்டடங்களுக்குள் போனால் திரும்பச் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் பேசிவைத்துக்கொண்டு பிரிந்துவிடுவோம். செலவில்லாத ஏற்பாடு, சண்டை பாதியாகக் குறைந்தது.

பழைய அரண்மனையில் ஒரு சாளரத்தை மட்டும் சொல்கிறேன். 1618 மே மாதம் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் ஆளுநர் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் இங்கிருந்து வெளியே தூக்கிப் போட்டார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதைகள் தாங்கினர் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. ஐரோப்பாவை முப்பது ஆண்டு எரித்த போர் இதிலிருந்து பற்றிக்கொண்டது. சாளரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஆழம் நன்றாகவே இருக்கிறது. பொற்சந்து என்ற குட்டி வீடுகளின் தெரு அழகு. 22-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா சில மாதம் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் இருந்தால் விட்டுவிடலாம், நட்டமில்லை. கிழக்கு வாசல் வழியாகப் பழைய படிக்கட்டில் இறங்கினால் மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ. ஒரு படிகூட ஏறாமல் கோட்டை முடிந்தது.

குழந்தை இயேசு

அதே மதியம் 22-ஆம் எண் டிராமில் ஹெல்லிஹோவா நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே வெற்றி அன்னை ஆலயம். நம் ஊர்ப் பகுதிகளில் எத்தனையோ குழந்தை இயேசு ஆலயங்கள் இருக்கின்றன. வியாழக்கிழமை மெழுகுவத்தியோடு போகும் தோழிகள் எனக்கு உண்டு. அந்தச் சுரூபங்கள் எல்லாவற்றுக்கும் மூலம் இங்கே, வலப்பக்கத்து மாடத்தில், 47 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஸ்பெயினிலிருந்து குடும்பச் சொத்தாக வந்ததைப் பொலிக்சேனா என்ற சீமாட்டி 1628-இல் கார்மேல் துறவியருக்குக் கொடுத்தார். வழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ற நிறத்தில் உடை மாற்றுவார்கள். மாடிப்படி ஏறினால் பல நாட்டவர் தைத்து அனுப்பிய அங்கிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஜரிகை, முத்து, பட்டு, எல்லாம் ஒரு கைக்குழந்தையின் அளவுக்கு. பெருமாள் கோயிலில் உற்சவருக்குத் திருவாபரணம் சார்த்துவதைப் பார்த்துப் பழகிய எனக்குப் புது இடமாகவே தோன்றவில்லை. அனுமதி இலவசம்.

மணிக்கூண்டும் சதுக்கமும்

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பகலில் போகாதீர்கள். வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் வருகின்றன. இரவு பத்து மணிக் காட்சிக்குப் போய் நின்றால் முன்வரிசை கிடைக்கும். வலப்பக்கத்து எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் பொன் சேவல் ஈனமாக ஒரு குரல் கொடுக்கும். ஒரு நிமிடம் ஆகாது. "என்ன, இவ்வளவுதானா?" என்றார் கணவர். உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் அவரவர் மொழியில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் கடிகாரத்தைப் பாருங்கள். 1410-இல் செய்தது, இன்னும் ஓடுகிறது. வெளிவட்டத்தில் கறுப்பின்மேல் பொன் எழுத்தில் 1 முதல் 24 வரை உள்ளவை பழைய செக் நேரம். சூரியன் மறையும் கணத்திலிருந்து நாளை எண்ணும் முறை. அந்தி நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வட்டமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் அசைகிறது. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள், இவர்கள் மறைவிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொண்டபின் கணவர் குறை சொல்லவில்லை; கழுத்து வலிக்கும்வரை நின்றார்.

கோபுரத்தின் உச்சிக்கு லிஃப்ட் உண்டு. கீழே நகரமன்றச் சுவரோரம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பார்கள். 1621 ஜூன் 21 அன்று, பேரரசரை எதிர்த்ததற்காக, அங்கே தலை வெட்டியும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட 27 பேருக்காக. பகலில் கால்கள் மறைத்துவிடும்.

யோசெஃபோவ்

சனிக்கிழமையும் யூதர் விழாநாள்களும் மூடியிருக்கும் என்பதால் இந்த நாளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட்டில் பல இடங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பின்காஸ் தொழுகைக்கூடத்துக்குக் கட்டாயம் போங்கள். சுவர் முழுவதும் பெயர்கள், கறுப்பிலும் சிவப்பிலும் கையால் எழுதியவை. நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் நாட்டு யூதர்கள். ஊர்வாரியாக, குடும்பப் பெயர்வாரியாக. தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்குப் புடவை கட்டியதுபோல் இருக்கும். அருகே போனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு தேதி. மாடியில் தெரெசீன் முகாமிலிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள்.

அடுத்து கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் மண்ணைப் போட்டு மேலே மேலே புதைத்திருக்கிறார்கள், சில இடத்தில் பன்னிரண்டு அடுக்கு. சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வெளியே வந்தபின் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. அன்றைக்கு அதன்பின் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வென்சஸ்லாஸ் சதுக்கம்

பெயர்தான் சதுக்கம், உண்மையில் 750 மீட்டர் நீளமான அகன்ற வீதி. கடைகளும் துரித உணவகங்களும் நிறைந்தது. ஆனால் வீதியின் மேல்முனையில் குதிரைச் சிலையருகே சற்று நில்லுங்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் பீரங்கி வண்டிகளோடு இங்கேதான் நுழைந்தன. மறு ஜனவரியில் யான் பலாஹ் என்ற மாணவர் அதை எதிர்த்துத் தீக்குளித்தார். 1989-இல் சாவிக்கொத்தைக் குலுக்கி ஒலியெழுப்பிய கூட்டம் கம்யூனிஸ்ட் ஆட்சியை மாற்றியதும் இங்கேதான்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு 1968 இன்னொரு விதத்திலும் சம்பந்தப்பட்டது. பிராக்கில் 1927-இல் பிறந்து, இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த கமில் சுவலபில் அந்தப் படையெடுப்புக்குப் பின்தான் நாட்டை விட்டுப் போனார். சங்கப் பாடல்களை உலகுக்கு எடுத்துச் சொன்ன அறிஞர், மீன்குழம்பு மணம்கூட எட்டாத இந்த ஊரில் உட்கார்ந்து தமிழ் படித்திருக்கிறார். பலாஹ் பெயரிட்ட சதுக்கத்தில், ஆற்றங்கரையில், பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. நான் வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன்.

சாப்பாடு

வேலை நாள்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் உணவகங்களில் அன்றைய மதிய உணவு என்று குறைந்த விலைப் பட்டியல் ஒன்று வைப்பார்கள். வாசல் பலகையில் செக் மொழியில் மட்டும் கையால் எழுதியிருந்தால் நம்பி நுழையலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்வீச்கொவா கேளுங்கள்: பாலேடு சேர்த்த காய்கறிச் சாற்றில் மாட்டிறைச்சி, கூடவே க்னெட்லீகி என்ற ஆவியில் வெந்த மாவுருண்டைத் துண்டு. குழம்பைத் தொட்டுச் சாப்பிட இட்லிக்குத் தூரத்து உறவு.

சைவக்காரர்கள் எச்சரிக்கையாக இருங்கள். இறைச்சி இல்லாதவை என்ற தலைப்பின்கீழும் பன்றிக்கொழுப்புத் துண்டு எட்டிப் பார்ப்பதுண்டு. பொரித்த பாலாடைக்கட்டி, பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடை, இவை பெரும்பாலும் பாதுகாப்பு. எடை போட்டு விலை வாங்கும் இந்தியச் சைவ உணவகங்கள் நடு ஊரிலேயே சில இருக்கின்றன. நான்காம் நாள் பருப்பும் சோறும் கண்டு கண்கலங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். மேசைமேல் தானாக வரும் ரொட்டிக்கும் சில இடங்களில் காசு. சேவை பிடித்திருந்தால், காசு கொடுக்கும்போது பில் தொகையோடு பத்து சதவீதம் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெருவெங்கும் சுட்டு விற்கும் உருளை வடிவ இனிப்பு ரொட்டியைப் பழைய பிராக் பண்டம் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சுற்றுலாக்காரர்களுக்காக அண்மையில் வந்து ஒட்டிக்கொண்டது. மணம் நன்றாக இருக்கும், தின்றால் சர்க்கரை.

சில சொற்கள்

கடைக்குள் நுழையும்போது "தொப்ரீ தென்" என்று வணக்கம் சொல்லுங்கள், முகம் மாறும். நன்றிக்கு "தியெகுயி". கதவில் "தாம்" என்றிருந்தால் தள்ளுங்கள், "செம்" என்றிருந்தால் இழுங்கள். முக்கியமானது: ஆமாம் என்பதற்கு "அனோ", பேச்சில் அது சுருங்கி "நோ" ஆகிவிடும். ஒரு கடையில் ஒரு ரொட்டியைக் காட்டி இதில் இறைச்சி உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மாள் அன்பாகத் தலையாட்டி "நோ, நோ" என்றார். இரண்டாம் கடியில் தெரிந்தது. அவர்மேல் தவறே இல்லை.

வெள்ளைக்கோட்டில் தெருவைக் கடந்தாலும் டிராமுக்குத்தான் முன்னுரிமை. அது நிற்கும் என்று நினைத்துக் காலை வைக்காதீர்கள். கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள்.

மாலைகள்

மாலை என்னுடையது என்று சொன்னேன் அல்லவா? சிவப்பு மெட்ரோவில் வீஷெஹ்ராட் நிலையத்தில் இறங்கி நடந்தால், ஆற்றுக்கு மேல் செங்குத்துப் பாறையில் ஒரு பழைய அரண். உள்ளே போகக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆலயத்தை ஒட்டிய கல்லறையில் இசையமைப்பாளர்கள் துவோர்ஷாக், ஸ்மெத்தனா, ஓவியர் முகா எல்லாரும் இருக்கிறார்கள். ரோபோ என்ற சொல்லைத் தன் நாடகத்தின் வழியே உலகுக்குக் கொடுத்த கரெல் சாபெக்கும் இங்கேதான்; கட்டாய உழைப்பு என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து அதை உருவாக்கித் தந்தவர் அவருடைய அண்ணன். கல்லறை சீக்கிரமே மூடிவிடும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிட்டு, மதில்மேல் போய் உட்காருங்கள். சூரியன் கோட்டைப் பக்கம் இறங்கும். கீழே படகுகள் போகும். அவர் குறிப்பேட்டை மூடி வைத்த ஒரே இடம் இது.

இன்னொரு மாலைக்கு லெத்னா பூங்கா. ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் தெரியும் இடம். பாடகர் ஜான் லென்னன் நினைவாகப் படங்கள் தீட்டிய லென்னன் சுவருக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. போகிற வழியில் வந்தால் பாருங்கள். ஐந்தாம் நாள் இருந்தால் ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்தில் குட்னா ஹோரா போய்வரலாம். மனித எலும்புகளால் அலங்கரித்த சிற்றாலயம் அங்கே. எனக்கு வேண்டாம் என்றேன், அவர் மட்டும் போய்வந்தார், படம் காட்டினார், பாதியில் போதும் என்றேன்.

கிளம்பும் நாள்

அதிகாலை விமானம் என்றால் மெட்ரோ இருக்காது. இரவு டிராம்கள் லசார்ஸ்கா என்ற நிறுத்தத்தில் சந்திக்கின்றன. விமான நிலையத்துக்கு 910-ஆம் எண் இரவு பஸ். நிறுத்தத்தை முந்தைய நாள் பகலில் போய்ப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். 72 மணி டிக்கெட் முடிந்துவிட்டதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

மிஞ்சிய நோட்டை மாற்றலாம், நாணயத்தை யாரும் திரும்ப வாங்குவதில்லை. இரண்டு நாள் முன்பிருந்தே சில்லறையாகக் கொடுத்துக் கரைக்கத் தொடங்குங்கள். எங்களிடம் கடைசிவரை ஒரு பிடி காசு இருந்தது. முந்தைய நாள் மாலை, வீட்டருகே இருந்த ரொட்டிக் கடையில் மேசைமேல் அத்தனையையும் கொட்டி, கசகசாப் பூரணம் வைத்த பன்னைக் காட்டி, எத்தனை வரும் என்று விரலால் கேட்டேன். கடைக்காரப் பெண் எண்ணிப் பார்த்து மூன்று எடுத்துவைத்தார். இறைச்சி இல்லையே என்று கேட்க வாயெடுத்தேன். கணவர் பையை வாங்கிக்கொண்டு என்னை வெளியே நடத்திவிட்டார்.